கொதிக்கும் நீரின் குமிழிக்குள் என்ன இருக்கிறது? நிலை, அடர்த்தி, மாற்றம் பற்றி ஒரு விளக்கம்

தண்ணீர் நன்றாகக் கொதிக்கும்போது அடியிலிருந்து பெரிய பெரிய குமிழிகள் கிளம்பி மேலே வந்து உடைகின்றன. அவற்றுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு விடைகள் வரும். ஒன்று, காற்று. மற்றொன்று, ஹைட்ரஜனும் ஆக்சிஜனும். இரண்டாவது விடையைச் சொல்பவர்கள் கொஞ்சம் வேதியியல் படித்தவர்கள். நீர் இந்த இரு தனிமங்களால் ஆனது என்று தெரிந்திருப்பதால்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஆனால் இரண்டுமே தவறு. குமிழிக்குள் இருப்பது நீர்தான், வாயு நிலையில் இருக்கும் நீர்.

(சூடேறத் தொடங்கும்போதே பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு தெரியும் பொடிக் குமிழிகள் வேறு. அவை நீரில் ஏற்கெனவே கரைந்திருந்த காற்று. நீர் சூடாக ஆக அதில் காற்று கரைந்திருக்கும் அளவு குறைகிறது, அதனால் பிரிந்து வெளியே வருகிறது.)

பொருளின் நிலைகள், அடர்த்தி, இயற்பியல் மாற்றம், வேதியியல் மாற்றம் எல்லாம் பாடப்புத்தகத்தில் தனித்தனி வரையறைகளாக வருகின்றன. மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிடலாம். எரிவாயுக் கசிவு, பனிப்பாறை உருகல், கட்டடத் தூண் வெடிப்பு என்று ஒரு செய்தி வரும்போதுதான் எந்த வரையறையை எங்கே வைத்துப் பார்ப்பது என்று தெரியாமல் போகிறது. இதை மூன்று கேள்விகளாகப் பிரித்துக்கொண்டால் வேலை எளிதாகும்:

1. துகள்கள் எப்படி அமைந்திருக்கின்றன, எப்படி அசைகின்றன? விடை, அந்தப் பொருளின் நிலை.
2. ஒரு குறிப்பிட்ட இடத்துக்குள் எவ்வளவு நிறை அடங்கியிருக்கிறது? விடை, அடர்த்தி.
3. மாற்றம் நடந்து முடிந்த பிறகும் அதே துகள்கள்தான் இருக்கின்றனவா? ஆம் என்றால் இயற்பியல் மாற்றம். இல்லை என்றால் வேதியியல் மாற்றம்.

துகள் என்று இங்கே சொல்வது பொருளைப் பொறுத்து அணுவாகவோ, மூலக்கூறாகவோ, அயனியாகவோ (மின்னூட்டம் கொண்ட அணு அல்லது அணுக்கூட்டம்) இருக்கும். நீருக்கு மூலக்கூறு, இரும்புக்கு அணு, உப்புக்கு அயனி.

நிலை: ஒரே துகள், வேறு ஏற்பாடு

திண்மத்தில் துகள்கள் நெருக்கமாக, தத்தம் இடத்தில் நிற்கின்றன. சும்மா நிற்பதில்லை, இடத்தை விட்டு நகராமல் அதிர்ந்துகொண்டே இருக்கின்றன. திரவத்தில் நெருக்கம் கிட்டத்தட்ட அதே அளவுதான். ஆனால் ஒன்றையொன்று உரசிக்கொண்டு இடம் மாற முடியும். அதனால்தான் திரவம் பாத்திரத்தின் வடிவத்தை எடுத்துக்கொள்கிறது, ஆனால் கன அளவு மாறுவதில்லை. வாயுவில் துகள்கள் வெகுதூரம் விலகி, ஒன்றோடொன்று மோதி, கிடைத்த இடம் முழுக்கப் பரவிவிடுகின்றன.

இங்கே பல பாடப்புத்தகப் படங்கள் ஒரு தவறான எண்ணத்தை விதைத்துவிடுகின்றன. திண்மத்தில் புள்ளிகளை ஒட்டி ஒட்டியும், திரவத்தில் கொஞ்சம் இடைவெளி விட்டும், வாயுவில் இன்னும் கொஞ்சம் இடைவெளி விட்டும் வரைந்திருப்பார்கள். திரவம் ஏதோ பாதி வழியில் நிற்பது போலத் தோன்றும். உண்மையில் அது திண்மத்தின் பக்கத்து வீடு. கணக்குப் போட்டால் தெரியும். சாதாரண காற்றழுத்தத்தில் 1 லிட்டர் நீர் கொதித்து முழுவதும் நீராவியானால் சுமார் 1,670 லிட்டர் இடத்தை அடைக்கும். நீளம், அகலம், உயரம் மூன்று பக்கமும் ஒரே மாதிரி விரிந்ததாக எடுத்துக்கொண்டால், மூலக்கூறுகளுக்கு இடையிலான சராசரித் தொலைவு ஏறத்தாழ 12 மடங்காகிறது. பனிக்கட்டி நீராகும்போது இப்படி எதுவும் நடப்பதில்லை. கன அளவு சொல்லப்போனால் சற்றுக் குறையவே செய்கிறது. இந்த விசித்திரத்துக்குக் கீழே வருவோம்.

வெப்பம் ஏறுகிறது, வெப்பநிலை ஏறவில்லை

உருகும் பனிக்கட்டிக்குள் வெப்பமானியை வைத்து அடியில் சூடு கொடுத்துக்கொண்டே இருந்து, நன்றாகக் கலக்கியும் விட்டால், கடைசித் துண்டு கரையும்வரை முள் 0 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். கொடுத்த வெப்பம் எங்கே போகிறது? துகள்களின் வேகத்தைக் கூட்டுவதற்கு அல்ல, அவற்றைப் பிடித்து வைத்திருக்கும் ஈர்ப்பைத் தளர்த்துவதற்கு. இதற்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர். வெப்பநிலை என்பது துகள்களின் சராசரி இயக்க ஆற்றலைக் காட்டும் அளவு, அவ்வளவுதான். ஆற்றல் வேறு வேலைக்குப் போனால் வெப்பமானிக்குத் தெரியாது.

1 கிலோ நீருக்கான எண்களைப் பார்ப்போம்:

1. 0 டிகிரி பனிக்கட்டியை 0 டிகிரி நீராக்க 334 கிலோஜூல். இதே வெப்பத்தில் அந்த 1 கிலோ நீரை 0 டிகிரியிலிருந்து 80 டிகிரிவரை சூடாக்கிவிடலாம்.
2. 0 டிகிரி நீரை 100 டிகிரிக்குக் கொண்டுவரச் சுமார் 418 கிலோஜூல்.
3. 100 டிகிரி நீரை 100 டிகிரி நீராவியாக்க சுமார் 2,257 கிலோஜூல்.
4. அதே நீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்க ஏறத்தாழ 15,900 கிலோஜூல்.

மூன்றாவது எண்ணையும் நான்காவது எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூலக்கூறுகளை ஒன்றிலிருந்து ஒன்று விலக்குவது ஒரு வேலை. ஒரு மூலக்கூறையே உடைப்பது அதைப்போல ஏழு மடங்கு பெரிய வேலை. சாதாரண அடுப்பு முதல் வேலையோடு நின்றுவிடும். வெப்பத்தை மட்டும் வைத்து நீரைப் பிரிக்க வேண்டுமானால், 2,000 டிகிரியைத் தொட்டாலும் சிறு பங்குதான் பிரியும். நீரிலிருந்து ஹைட்ரஜன் எடுக்க மின்சாரத்தைச் செலுத்திப் பிரிக்கும் முறையை நாடுவதற்கும், அப்போதும் மின்சாரச் செலவு பெரிதாக இருப்பதற்கும் இதுதான் அடிப்படைக் காரணம்.

மூன்றாவது எண் இன்னொன்றையும் சொல்கிறது. நீராவி சுட்டால் வெந்நீர் சுட்டதைவிட ஏன் மோசம்? 1 கிராம் நீராவி தோலில் பட்டு நீராக மாறும் அந்தக் கணத்திலேயே சுமார் 2,257 ஜூல் வெப்பத்தைக் கொட்டிவிடுகிறது. 1 கிராம் கொதிநீர் உடல் வெப்பநிலைக்கு ஆறும்வரை கொடுப்பது 265 ஜூலுக்குள்தான்.

கொதித்தலும் ஆவியாதலும் ஒன்றல்ல. ஆவியாதல் எந்த வெப்பநிலையிலும் திரவத்தின் மேற்பரப்பில் நடக்கும், ஈரத்துணி காய்வது அப்படித்தான். திரவத்தின் ஆவியழுத்தம், அதாவது அதிலிருந்து பிரியும் ஆவி கொடுக்கும் அழுத்தம், வெளியழுத்தத்துக்குச் சமமாகும்போதுதான் உள்ளேயே குமிழிகள் உருவாகிக் கொதிக்கத் தொடங்கும். ஆகவே கொதிநிலை என்பது அழுத்தத்தோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய எண். எவரெஸ்ட் உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான், அங்கே நீர் சுமார் 70 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொண்டால், சாதாரண அழுத்தத்தில் அதற்குத் திரவ நிலையே கிடையாது. உலர் பனி எனப்படும் அதன் திண்மம் மைனஸ் 78.5 டிகிரியில் நேரே வாயுவாகிவிடும். இது பதங்கமாதல். திரவமாகப் பார்க்க வேண்டுமானால் வளிமண்டல அழுத்தத்தைப்போல 5 மடங்குக்கு மேல் அழுத்த வேண்டும். ஹீலியம் நேரெதிர்: தனிச்சுழி வெப்பநிலையை (மைனஸ் 273.15 டிகிரி, குளிரின் கடைசி எல்லை) எவ்வளவு நெருங்கினாலும், வளிமண்டல அழுத்தத்தைப்போல சுமார் 25 மடங்கு அழுத்தம் கொடுக்காமல் உறையாது.

நான்காவது நிலை பிளாஸ்மா. அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிய்ந்து, அயனிகளும் எலக்ட்ரான்களுமாகக் கலந்து திரியும் வாயு. மின்னலின் பாதை, எரியும் குழல்விளக்கின் உட்பகுதி, சூரியன் எல்லாம் இதுதான். போஸ்–ஐன்ஸ்டைன் செறிபொருள் என்ற இன்னொரு நிலை (கடுங்குளிரில் அணுக்கள் எல்லாம் சேர்ந்து ஒரே பேரணு போல நடந்துகொள்வது) 1924–25இல் கணிக்கப்பட்டு 1995இல் ரூபிடியம் அணுக்களில் உருவாக்கப்பட்டது. அது தனிக்கட்டுரைக்கான விஷயம்.

அடர்த்தி: கனமும் அல்ல, கெட்டியும் அல்ல

அடர்த்தி என்பது நிறையைக் கன அளவால் வகுத்து வரும் எண். ஒரு கன சென்டிமீட்டரில் எத்தனை கிராம் என்று பார்த்தால், நீர் 1, அலுமினியம் 2.7, இரும்பு 7.87, ஈயம் 11.34, பாதரசம் 13.5, தங்கம் 19.3, ஆஸ்மியம் 22.6. வரையறையில் யாருக்கும் சிக்கல் இல்லை. சிக்கல், அன்றாடப் பேச்சில் அடர்த்தியோடு கலந்துவிடும் இரண்டு கருத்துகளில் இருக்கிறது.

முதலாவது, எடை. ஒரு மரத்தடி ஓர் இரும்பு ஆணியைவிடப் பல ஆயிரம் மடங்கு கனமானது. ஆனாலும் தடி மிதக்கும், ஆணி மூழ்கும். தடியைப் பாதியாக வெட்டினால் எடை பாதியாகும், அடர்த்தி அப்படியே இருக்கும். ஏனெனில் அது பொருளின் பண்பு, துண்டின் பண்பு அல்ல. அப்படியானால் இரும்புக் கப்பல் எப்படி மிதக்கிறது? அங்கே பார்க்க வேண்டியது இரும்பின் அடர்த்தியை அல்ல, உள்ளே இருக்கும் காற்றையும் சேர்த்துக் கப்பல் முழுவதன் சராசரி அடர்த்தியை. ஓட்டை விழுந்து காற்று இருந்த இடத்தில் நீர் புகுந்தால் சராசரி ஏறுகிறது, கப்பல் இறங்குகிறது.

இரண்டாவது, கெட்டித்தன்மை. மெதுவாக ஒழுகும் திரவத்தை அடர்த்தியானது என்று சொல்லிவிடுகிறோம். அது பாகுத்தன்மை, வேறு அளவு. இன்ஜின் ஆயில் கெட்டியாக ஒழுகும், ஆனால் நீரின்மேல் மிதக்கும். பாதரசம் நீரைப்போல 13 மடங்குக்கு மேல் அடர்த்தியானது, ஆனால் சரசரவென்று ஓடும்.

இன்னொரு விஷயம்: இரண்டு திரவங்களைச் சேர்க்கும்போது நிறையைக் கூட்டலாம், கன அளவைக் கூட்டக் கூடாது. 50 மில்லி லிட்டர் நீரோடு 50 மில்லி லிட்டர் எத்தனால் சேர்த்தால் 100 வராது. 96, 97ஐ ஒட்டித்தான் வரும். இரண்டும் சேரும்போது மூலக்கூறுகள் முன்பைவிட நெருக்கமாக அடுக்கிக்கொள்கின்றன. கிராம் கணக்கில் எதுவும் தொலைந்திருக்காது.

இப்போது நீரின் விசித்திரம். பெரும்பாலான பொருள்கள் உறையும்போது சுருங்கும், திண்மம் தன் திரவத்திலேயே மூழ்கும். நீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிகிறது, பனிக்கட்டியின் அடர்த்தி 0.917. பனிக்கட்டிக்குள் ஒவ்வொரு நீர் மூலக்கூறும் நான்கு அண்டை மூலக்கூறுகளைக் குறிப்பிட்ட கோணத்தில் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதனால் நடுவில் வெற்றிடம் விட்ட அறுகோண அமைப்பு உருவாகிறது. உருகும்போது அந்த அமைப்பு ஓரளவு குலைந்து, மூலக்கூறுகள் காலியிடத்துக்குள் சரிகின்றன. இந்தச் சரிவு 0 டிகிரியோடு முடிந்துவிடுவதும் இல்லை. கிட்டத்தட்ட 4 டிகிரிவரை நீர் சுருங்கிக்கொண்டே போய், அதற்கப்புறம்தான் மற்றத் திரவங்களைப்போல விரிகிறது. பிஸ்மத், காலியம், சிலிக்கான் போன்ற சிலவும் உறையும்போது விரிபவைதான், நீர் மட்டுமே அப்படி என்று சொல்வது சரியல்ல.

விளைவு பெரியது. குளிர்நாட்டு ஏரி ஒன்று குளிரும்போது 4 டிகிரி நீர் அடியில் தங்கிவிடும், அதைவிடக் குளிர்ந்த நீர் மேலே நிற்கும், உறைதல் மேலிருந்து தொடங்கும். மேலே மிதக்கும் பனித்தட்டு வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆழமான ஏரியில் அடிநீர் குளிர்காலம் முழுக்கத் திரவமாகவே இருக்கும், மீன்களும் பிழைத்துக்கொள்ளும்.

மாற்றம்: பள்ளியில் தரும் அடையாளங்களை எவ்வளவு நம்பலாம்?

சரி, மூன்றாவது கேள்வி. ஒரு மாற்றம் இயற்பியல் மாற்றமா, வேதியியல் மாற்றமா என்று கண்டுபிடிக்கப் பள்ளியில் ஒரு பட்டியல் தருவார்கள்: மீண்டும் பழைய நிலைக்குத் திரும்புமா, நிறம் மாறுகிறதா, வெப்பம் வெளிப்படுகிறதா, வாயு வெளியேறுகிறதா. இவை துப்பு மட்டுமே. தீர்ப்பு அல்ல. இவற்றில் ஒன்றைக்கூடத் தனியாக நம்ப முடியாது.

1. மீளும் தன்மை. கண்ணாடி உடைவது இயற்பியல் மாற்றம், திரும்பாது. வண்டியில் இருக்கும் ஈய–அமில மின்கலம் மின்சாரம் தருவதும் மறுபடி ஏறுவதும் வேதியியல் மாற்றங்கள், நூற்றுக்கணக்கான முறை திரும்புகின்றன. நீல நிறக் காப்பர் சல்பேட் படிகத்தைச் சூடாக்கினால் படிகத்தில் பிணைந்திருந்த நீர் வெளியேறி வெள்ளைப் பொடியாகும், நீரைத் தெளித்தால் மறுபடி நீலமாகும். அதுவும் வேதியியல் மாற்றம்தான்.

2. நிறம். இரும்பைக் காய்ச்சினால் சிவந்து ஒளிர்கிறது. துகள் எதுவும் மாறவில்லை, ஆறினால் அதே இரும்பு. (காற்றுப் பட்டு மேலே படியும் கருஞ்செதில் மட்டும் வேதியியல் மாற்றம்.)

3. வெப்பம். சோடியம் அசிட்டேட் நிரப்பிய கைச்சூட்டுப் பைகளில், கரைந்திருந்த உப்பு படிகமாகும்போதே வெப்பம் வருகிறது. அது உள்ளுறை வெப்பத்தின் உறவுக்காரன்.

4. வாயு. சோடா புட்டியைத் திறந்ததும் பொங்குவது பெரும்பாலும் கரைந்திருந்த வாயு அழுத்தம் குறைந்ததால் வெளியேறுவது. சுண்ணாம்புக்கல்லில் அமிலத்தை ஊற்றினால் வருவது அப்போதுதான் புதிதாக உருவான வாயு. இரண்டுமே கார்பன் டை ஆக்சைடு, கண்ணுக்கு இரண்டும் ஒரே நுரை.

எஞ்சுவது ஒரே சோதனை: அதே துகள்கள்தானா? எரியும் மெழுகுவர்த்தியில் இதை அருகிலிருந்து பார்க்கலாம். திரியைச் சுற்றி மெழுகு உருகித் தேங்குகிறது, இது உருகுதல். திரி வழியாக மேலேறி, சுடரின் சூட்டில் ஆவியாகிறது. இதுவரை எல்லாமே மெழுகுதான், இரண்டும் இயற்பியல் மாற்றம். அந்த ஆவி ஆக்சிஜனோடு சேர்ந்து எரிந்து கார்பன் டை ஆக்சைடும் நீருமாக மாறுவது வேதியியல் மாற்றம். எரிவது ஆவிதானா என்று சந்தேகமாக இருந்தால், சுடரை அணைத்தவுடன் திரியிலிருந்து கிளம்பும் வெண்புகையில் தீக்குச்சியைக் காட்டலாம். குச்சி திரியைத் தொடுவதற்கு முன்பே நெருப்பு புகையின் வழியே இறங்கித் திரியைப் பற்றிக்கொள்ளும். அந்தப் புகை, ஆவியான மெழுகு குளிர்ந்து பொடித்துளிகளானது.

கரைதல் என்ற ஒரு விஷயம் மட்டும் கோட்டின்மேலேயே உட்கார்ந்திருக்கிறது. சர்க்கரை கரையும்போது மூலக்கூறுகள் முழுதாகவே பிரிகின்றன, விவாதமில்லை. உப்பு கரையும்போது சோடியம் அயனியும் குளோரைடு அயனியும் படிகத்தை விட்டுப் பிரிந்து, ஒவ்வொன்றையும் நீர் மூலக்கூறுகள் சூழ்ந்துகொள்கின்றன. திண்ம உப்பு மின்சாரத்தைக் கடத்தாது, கரைசல் கடத்தும். அயனிப் பிணைப்பு உடைந்திருக்கிறதே, இது வேதியியல் மாற்றம் இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு, கேள்வியில் நியாயமும் இருக்கிறது. ஆனால் அயனிகள் முன்பும் அயனிகளே, பின்பும் அதே அயனிகளே. நீரை வற்றவைத்தால் அதே உப்பு. அதனால் பாடப்புத்தகங்கள் இதை இயற்பியல் மாற்றத்தில் வைப்பது ஏற்கத்தக்கதே. சோடியம் உலோகத்தை நீரில் போட்டால் அதுவும் "கரைந்து" காணாமல் போகும். ஆனால் வற்றவைத்தால் கிடைப்பது சோடியம் ஹைட்ராக்சைடு. இங்கே சந்தேகத்துக்கு இடமில்லை.

எந்த வகை மாற்றமானாலும் நிறை மாறுவதில்லை. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்ஸின் லவாய்சியர் மூடிய கலங்களில் உலோகங்களைச் சூடாக்கி எடை பார்த்து இதை நிலைநாட்டினார். 112 கிராம் இரும்பு முழுவதும் இரும்பு ஆக்சைடானால் 160 கிராம் இருக்கும். கூடுதல் 48 கிராம் காற்றிலிருந்து வந்த ஆக்சிஜன்.

செய்திகளில் இவை வரும் இடங்கள்

1. வாகனப் புகை. 1 லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோ. எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வருகிறது என்று படிக்கும்போது அச்சுப்பிழை என்றே தோன்றும். பிழையில்லை. 12 பங்கு எடையுள்ள கார்பன் காற்றிலிருந்து 32 பங்கு ஆக்சிஜனை இழுத்துக்கொள்கிறது, எடை கூடுவது அதனால்தான்.

2. எரிவாயுக் கசிவு. ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும், வாயுவின் அடர்த்தியை மூலக்கூறின் நிறைதான் தீர்மானிக்கிறது. காற்றுக்குச் சராசரி 29. உருளைகளில் வரும் புரோப்பேனுக்கு 44, பியூட்டேனுக்கு 58. ஆகவே அவை தரையோடு பரவிப் பள்ளங்களில் தேங்கும். குழாய்வழி இயற்கை எரிவாயுவின் முக்கியக் கூறான மீத்தேனுக்கு 16, ஹைட்ரஜனுக்கு 2. இவை மேலே போய்க் கூரையடியில் சேரும். கசிவை உணரும் கருவியை எந்த வாயுவுக்கு எந்த உயரத்தில் மாட்டுவது என்பது இதைப் பொறுத்தது. நீராவிக்கு 18 என்பதால் ஈரக்காற்று உலர்காற்றைவிட லேசானது. புழுக்கமான நாளில் காற்று கனத்துக் கிடப்பதாக நாம் உணர்வதற்கு நேர்மாறு.

3. பனி உருகலும் கடல்மட்டமும். மிதக்கும் பனி ஏற்கெனவே தன் எடைக்குச் சமமான கடல்நீரை விலக்கி வைத்திருக்கிறது. உருகினால் மட்டம் ஏறக்குறைய மாறாது. உருகிய நீர் உப்பில்லாதது, சற்று அடர்த்தி குறைந்தது என்பதால் மிகச் சிறிய ஏற்றம் உண்டு. நிலத்தின்மேல் உள்ள பனி அப்படியல்ல, அது கடலுக்குப் புதுவரவு. கிரீன்லாந்துப் பனி மட்டும் முழுவதும் உருகினாலே கடல்மட்டம் சுமார் 7 மீட்டர் உயரும். இதற்குமேல், கடல்நீர் வெப்பமடைந்து அடர்த்தி குறைந்து விரிவதே கடல்மட்ட உயர்வில் கணிசமான பங்கு வகிக்கிறது.

4. கான்கிரீட் வெடிப்பு. இதில் மூன்று கேள்விகளும் ஒன்றாக வந்துவிடுகின்றன. நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை உள்ளிருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றின் கார்பன் டை ஆக்சைடு மெல்ல ஊடுருவிக் காரத்தைக் குறைத்தாலோ, குளோரைடு அயனிகள் உள்ளே போனாலோ அந்தக் காப்பு போகிறது. நீரும் ஆக்சிஜனும் சேர்ந்து துரு பிடிக்கிறது. துருவின் அடர்த்தி இரும்பைவிட வெகு குறைவு. வகையைப் பொறுத்து, கரைந்த இரும்பின் கன அளவைப்போல இரண்டு முதல் ஆறு மடங்குவரை இடம் கேட்கும். இடம் இல்லாததால் உள்ளிருந்து அழுத்திக் கான்கிரீட்டைப் பிளக்கிறது, பிளவு வழியே இன்னும் நீர் போகிறது. வெடிப்பின் மேல் சிமென்ட் பூசினால் நிற்காது என்பது இதனால்தான். பெயர்ந்த கான்கிரீட்டை எடுத்து, கம்பியில் உள்ள துருவைச் சுத்தமாக நீக்கி, காப்புப் பூச்சு கொடுத்த பிறகே மூட வேண்டும்.